ஆறு போட்டி, ஆறு பீஸ்... பியானோ வகுப்பிலிருந்து வெளியே வந்த டெபுஸியின் கதை!

போனில் யூடியூபைத் திறந்து 'க்ளேர் டி லூன்' என்று தேடிப் பாருங்கள். முதல் பத்து விநாடியிலேயே 'அட, இதுவா!' என்பீர்கள். 'ட்வைலைட்' படத்தில் பெல்லா எட்வர்டின் அறைக்குப் போகும் காட்சியில் வருமே, அந்த பியானோ இசைதான். நிலா வெளிச்சத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினது மாதிரி இருக்கும்.

அதை எழுதியவர் க்ளோட் டெபுஸி. பிரெஞ்சுக்காரர். பியானோவுக்காக எழுதியவர்களில் உலகமே கொண்டாடும் பெயர். ஆனால் படித்த காலத்தில் ஆறு முறை பியானோ போட்டியில் உட்கார்ந்தும், முதல் பரிசை ஒருமுறைகூட தொட முடியவில்லை. கடைசியில் பியானோ வகுப்பிலேயே தொடர முடியாமல் வெளியே வந்தார்.

இப்போது எதற்கு இந்தக் கதை என்கிறீர்களா? காரணம், எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். புதுச்சேரியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அஞ்சு வருஷமாக பியானோ கிளாஸ். ஒரு போட்டிக்கு ஃபார்ம் நிரப்ப வேண்டும், என்ன பீஸ் வாசிக்கப் போகிறாள் என்று எழுதித்தர வேண்டும். டீச்சர் ஒன்று சொல்கிறார், அம்மா ஒன்று சொல்கிறார், அவள் மனசு இன்னொன்றில் நிற்கிறது. 'அக்கா, நீங்க பத்திரிகையிலதானே இருக்கீங்க, சொல்லுங்க' என்று என்னிடம் வந்துவிட்டாள். பத்திரிகையில் இருந்தால் எல்லாம் தெரியும் என்று நினைக்கும் கடைசித் தலைமுறை இதுவாகத்தான் இருக்கும்!

அவளுக்காகத் தேடும்போதுதான் டெபுஸியின் போட்டிக் கணக்கு கையில் கிடைத்தது. எந்த வருஷம் எந்த பீஸ், என்ன ரிசல்ட் என்று பார்த்துக்கொண்டே போனால், ஒரு பையனின் வாழ்க்கை எப்படித் திசை மாறியது என்பது புரிந்துவிடுகிறது.

ஜெயிலுக்குப் போன அப்பா

1862 ஆகஸ்ட் 22-ல் பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள சாங் ஜெர்மன் ஆன் லே என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் கூப்பிட்ட பெயர் அஷீல். அப்பா மானுவேல் பீங்கான் கடை வைத்திருந்தார், அது ஓடவில்லை. அம்மா தையல் வேலை செய்தவர். 1871-ல் பாரிஸ் மக்கள் அரசுக்கு எதிராக எழுந்து 'கம்யூன்' அமைத்தபோது அப்பா அதன் படையில் சேர்ந்தார். கம்யூன் வீழ்ந்ததும் நாலு வருஷத் தண்டனை விதித்தார்கள். ஒரு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தார்.

அந்தக் கஷ்ட காலத்தில்தான் பையனுக்கு ஓர் அதிர்ஷ்டம். மோத்தே என்ற அம்மையார் சின்ன அஷீலின் விரல்களைக் கவனித்து, காசு வாங்காமல் பியானோ சொல்லித்தந்தார். கவிஞர் வெர்லெனின் மாமியார் இவர். தான் ஷோபானிடமே கற்றவள் என்று அவர் சொல்லிக்கொள்வார். அது உண்மையோ இல்லையோ, சொல்லித்தந்தது நல்ல பாடம். 1872-ல், பத்து வயதில், பாரிஸ் கன்சர்வேட்டரியில் இடம் கிடைத்தது. பள்ளிக்கூடமே போகாத பையனுக்கு!

அப்பாவின் கணக்கு எளிமையானது. பையன் பெரிய பியானோ வித்வான் ஆவான், மேடை ஏறுவான், வீட்டுக்குக் காசு வரும். நம் ஊரில் 'சூப்பர் சிங்கர்' வாசலில் பிள்ளையோடு நிற்கும் அப்பாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அதே முகம்தான்.

பீஸைத் தேர்ந்தெடுக்க உனக்கு உரிமை இல்லை!

கன்சர்வேட்டரியில் வருஷா வருஷம் கோடையில் போட்டி நடக்கும். வருஷப் பரீட்சையும் அதுதான், மானப் பிரச்னையும் அதுதான். மாணவன் தனக்குப் பிடித்ததை வாசிக்க முடியாது. நிர்வாகம் ஒரு பீஸைச் சொல்லும். எல்லோரும் அதையே வாசிக்க வேண்டும். அதுபோக, அதுவரை கண்ணால் பார்க்காத ஒரு தாளை நீட்டி அங்கேயே வாசிக்கச் சொல்வார்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, அதற்குக் கீழே இரண்டு தகுதிச் சான்றிதழ்கள். முதல் பரிசு வாங்கியவனுக்குத்தான் மேடைக் கதவு திறக்கும்.

இன்றைய போட்டிகளில் நிலைமை வேறு. பெரும்பாலும் ஒரு லிஸ்ட் தருவார்கள், அதற்குள் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். பாக் காலத்தது ஒன்று, பீத்தோவன் மாதிரி ஒருவரின் சொனாட்டா ஒன்று, விரல் வேகத்தைச் சோதிக்கும் எட்யூட் ஒன்று, இருபதாம் நூற்றாண்டில் ஒன்று, மொத்தம் இத்தனை நிமிஷம் என்று இருக்கும். வார்சாவில் 1927-ல் ஆரம்பித்த ஷோபான் போட்டியில் ஷோபான் மட்டும்தான், ஆனால் அதற்குள்ளும் தேர்வு உண்டு. டெபுஸிக்கு அந்தச் சலுகையே இல்லை. அதனால்தான் அவர் கதை நமக்கு உபயோகப்படுகிறது. எந்த பீஸ் ஒருவனுக்குப் பொருந்துகிறது, எது காலை வாருகிறது என்று அதில் அப்பட்டமாகத் தெரிகிறது.

1874. வயது பதினொன்று. ஷோபானின் இரண்டாவது கான்செர்ட்டோ, எஃப் மைனர், முதல் பகுதி. மோத்தே அம்மையார் விரலில் ஏற்றிய ஷோபான் அல்லவா, கை தானாகவே போயிருக்கும். இரண்டாம் தகுதிச் சான்றிதழ். (நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, 1980 வார்சா போட்டியின் இறுதிச் சுற்றில் வியட்நாமைச் சேர்ந்த டாங் தாய் சோன் இதே கான்செர்ட்டோவை வாசித்து முதல் பரிசு வாங்கினார். இறுதிச் சுற்றில் பலரும் ஈ மைனர் பக்கம்தான் போவார்கள். தன் குரலுக்கு எது சரி என்று தெரிந்த ஆள்.)

1875. மறுபடியும் ஷோபான், இந்தமுறை ஒரு பல்லாட். முதல் தகுதிச் சான்றிதழுக்கு முன்னேற்றம். அப்பாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்குமா?

1876. இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த வருஷம் வந்து விழுந்த பீஸ், பீத்தோவனின் கடைசி பியானோ சொனாட்டா, ஓபஸ் 111, முதல் பகுதி. கேட்டதில்லை என்றால் இப்போதே கேளுங்கள். ஆரம்பமே ஒரு பாய்ச்சல். இடது கை மட்டும் கீழே ஒரு ஸ்வரத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும், பலமாக, தயங்காமல். பதற்றத்தில் இருக்கும் கைக்கு இதைவிடக் கொடுமையான முதல் விநாடி கிடையாது. ரெண்டு கையாலும் பங்கு போட்டு வாசித்தால் சுலபம். ஆனால் அந்த ஆபத்துதானே அதன் அழகு என்று நினைப்பவர்கள் அப்படி வாசிக்க மாட்டார்கள். விரல் பிரச்னை அதோடு போகட்டும். அம்பது வயது தாண்டி, காது கேட்காமல், பீத்தோவன் எழுதிய கோபம் அது. பதிமூணு வயசுப் பையன் அதை எங்கே போய்த் தேடுவான்?

ரிசல்ட்: ஒன்றுமில்லை. முந்தின வருஷம் வாங்கிய சான்றிதழுக்கு மேல் ஒரு படிகூட ஏறவில்லை. ஆனால் பாருங்கள், அதே 1876-ல் ஸ்வரப் பயிற்சியில், அதாவது காதால் கேட்டு எழுதுவது, பார்த்ததும் பாடுவது போன்ற பாடத்தில், முதல் மெடல்! காது உச்சத்தில் இருக்கிறது, பீஸ் மட்டும் ஒத்துவரவில்லை.

எனக்கே இப்படி ஓர் அனுபவம் உண்டு. பள்ளி ஆண்டு விழாப் போட்டிக்கு என் குரலுக்கு எட்டாத ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, அனுபல்லவியில் மேலே போனவள் இறங்கவே இல்லை. கூட்டத்தில் யாரோ ஒருவர் இருமினார். இன்னும் அந்த இருமல் காதில் இருக்கிறது.

'முடிந்த அளவு வேகமா' + 'இன்னும் வேகமா'!

1877. ஷூமானின் ஜி மைனர் சொனாட்டா, முதல் பகுதி. இதில் ஒரு ஜோக் இருக்கிறது. தொடக்கத்திலேயே 'முடிந்த அளவு வேகமாக' வாசிக்கச் சொல்லிவிடுகிறார் ஷூமான். சரி என்று உயிரைக் கொடுத்து ஓடினால், முடிவு நெருங்கும்போது 'இன்னும் வேகமாக' என்கிறார், அப்புறம் அதற்கும் மேலே. முதலிலேயே மொத்த வேகத்தையும் செலவழித்தவன் அங்கே மாட்டிக்கொள்வான். கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்தவன் தப்பிப்பான்.

பதினாலு வயது டெபுஸி தப்பித்தார். இரண்டாம் பரிசு! இனி ஒரே படிதான் பாக்கி.

வேகம் என்றதும் உங்களுக்கு லிடியன் நாதஸ்வரம் ஞாபகம் வந்திருக்கும். 2019-ல் அமெரிக்க டி.வி-யின் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' மேடையில், பதிமூணு வயதில், 'ஃப்ளைட் ஆஃப் தி பம்பிள்பீ'யை முதலில் வழக்கமான வேகத்தை ஒட்டியும், அப்புறம் நிமிஷத்துக்கு 325 துடிப்பு என்ற வேகத்திலும் வாசித்தார். கெத்து! அந்த மேடைக்கு அந்த பீஸ் நூறு சதவிகிதம் சரி. எதிரே இருந்தவர்களில் பலருக்கு ஸ்வரம் தெரியாது, வேகம் தெரியும். அதே பீஸை நடுவர்கள் எல்லோரும் பியானோ வித்வான்களாக இருக்கும் ஒரு கிளாசிக்கல் போட்டியில் வைத்தால் வரவேற்பு இப்படி இருக்காது. யார் கேட்கப் போகிறார்கள் என்பதும் தேர்வில் பாதி.

1878. வெபரின் ஏ ஃப்ளாட் சொனாட்டா, முதல் பகுதி. வெபருக்குக் கை பெரியது, எழுதியதும் தன் கைக்குத்தான். பளபளப்பான மேடை இசை. டெபுஸிக்கு எதுவும் கிடைக்கவில்லை.

1879. ஷோபானின் 'அலெக்ரோ டி கான்செர்ட்'. ஷோபான்தானே, பழைய நண்பன்தானே என்று தோன்றும். இல்லை. ஷோபான் எழுதியதிலேயே விசித்திரமான பீஸ் இது. மூன்றாவது கான்செர்ட்டோவுக்கு என்று ஆரம்பித்து, ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க வேண்டிய பகுதியையும் சேர்த்து பியானோ தலையிலேயே கட்டிவிட்டது போல இருக்கும். வாசிப்பவருக்கு முதுகு ஒடியும், கேட்பவருக்கு அந்தக் கஷ்டம் தெரியவே தெரியாது. இன்றைக்கும் மேடைகளில் அபூர்வமாகத்தான் கேட்கலாம். போட்டிக்கு இப்படி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை, லாபமில்லாத கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பது என்றுதான் சொல்வேன்.

மறுபடியும் எதுவும் இல்லை. தொடர்ந்து இரண்டு வருஷம் தோற்றதால் விதிப்படி பியானோ வகுப்பில் இனி இடம் கிடையாது. பதினேழு நிரம்பவில்லை. அப்பாவின் கணக்கு அங்கே முடிந்தது.

எல்லாப் பழியையும் பீஸ் மீது போட்டால் அது நியாயம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பையன் ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவன் கிடையாது. வகுப்புக்கு லேட்டாக வருவான். அவனுடைய ஆசிரியர் மார்மோன்தெல் பீசே போன்றவர்களை உருவாக்கியவர். அவரே இவனுக்கு பியானோ மேல் பெரிய ஆசை இல்லை, இசை மேல்தான் ஆசை என்று கண்டுகொண்டிருந்தார்.

பக்கத்துக் கதவு

பியானோ கதவு மூடியதும் டெபுஸி பக்கவாத்திய வகுப்புக்குப் போனார். அங்கே பாலிஷ் போட்ட ஒரே பீஸை வருஷம் முழுக்கத் தேய்க்க வேண்டாம். தாளைப் பார்த்ததும் வாசிக்க வேண்டும், கீழே இருக்கும் எண்களைப் பார்த்து மேலே கற்பனையால் நிரப்ப வேண்டும், முழு ஆர்க்கெஸ்ட்ரா தாளை அங்கேயே பியானோவுக்குச் சுருக்க வேண்டும். அவருக்கு வராதது எதுவும் அதில் இல்லை. 1880-ல் அந்த வகுப்பில் முதல் பரிசு! சாய்கோவ்ஸ்கியின் புரவலர் நதேஷ்தா வான் மெக் அம்மையார் அந்தக் கோடையில் அவரை வீட்டு பியானோ கலைஞராக வேலைக்கு எடுத்தார்.

அதே வருஷம் கம்போஸிஷன் வகுப்பிலும் சேர்ந்தார். அப்போது இசை எழுதுபவர்களுக்கு பிரான்ஸில் பெரிய பரிசு 'ப்ரி தெ ரோம்'. 1883-ல் இரண்டாம் இடம். 1884-ல் 'லாங்ஃபாங் ப்ரோதிக்' என்ற இசைநாடகத்துக்கு முதல் இடம். இங்கே அவர் செய்தது எனக்குச் சுவாரஸ்யமாக இருக்கிறது. தன் மூளையில் ஓடிய விநோதமான ஒலிகளை எல்லாம் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, நடுவர்களின் காது தாங்கும் அளவுக்கு எழுதினார். அதற்குள் தன் மெல்லிய நிறத்தையும் கலந்துவிட்டார். அது சமரசமா, சாமர்த்தியமா? இதைப் பற்றி ஆபீஸில் பேசினால் ரெண்டு கோஷ்டி ஆகிவிடுகிறது. நான் சாமர்த்தியக் கோஷ்டி.

1889-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஜாவாவின் கமெலான் இசையைக் கேட்டு அசந்து போனார். அப்புறம் வந்த டெபுஸியைத்தான் உலகம் அறியும். 1902-ல் 'பெல்லியாஸ் எ மெலிஸாந்த்' ஆபரா. புதுச்சேரிக்காரர்களே, நம் ரோமன் ரோலன் வீதி இருக்கிறதே, அந்த ரோலன் நாவலாசிரியர் மட்டும் இல்லை, இசை ஆய்வாளரும்கூட. இந்த ஆபராவைப் பற்றி 1908-ல் வந்த தன் புத்தகத்தில் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். அடுத்த தடவை அந்தத் தெருவில் செல்ஃபி எடுக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே காலத்தில் இங்கே நம்மூரில் 1908 முதல் 1918 வரை இருந்த பாரதியார், 'சங்கீத விஷயம்' கட்டுரையில் ஒரு குறையைக் கொட்டியிருக்கிறார். எந்தக் கச்சேரிக்குப் போனாலும் அதே சில கீர்த்தனைகளைத்தான் பாடுகிறார்கள், பாடுபவருக்கும் பொருள் தெரியவில்லை, கேட்பவருக்கும் தெரியவில்லை என்பது அவர் புலம்பல். எதைப் பாடுவது என்பது கர்னாடக மேடையிலும் அன்றே சண்டைதான்.

தோற்ற பையன், நடுவர் நாற்காலியில்

1909-ல் கன்சர்வேட்டரியின் உயர் குழுவில் டெபுஸியை உறுப்பினராக்கினார்கள். எந்த வாசலில் தோற்று வெளியே வந்தாரோ அதே வாசல்! அடுத்த வருஷ கிளாரினெட் போட்டிக்கு எல்லோரும் வாசிக்க வேண்டிய பீஸை எழுதும் வேலையும் அவருக்கே வந்தது. பார்த்ததும் வாசிக்க வேண்டிய சின்ன பீஸும் அவரே எழுதினார்.

தண்டனை மாதிரி எதையாவது எழுதிப் பழிவாங்கியிருக்கலாம். அவர் எழுதிய 'ப்ரெமியர் ராப்ஸோடி'யைக் கேளுங்கள். கனவில் நடப்பது போல மெதுவாக, மென்மையாக ஆரம்பிக்கிறது. ஒரு கிளாரினெட்காரனுக்கு மூச்சு எப்படி, மெல்லிய ஒலி எப்படி, விரல் எப்படி, குறும்பு எப்படி என்று வரிசையாக எல்லாவற்றையும் கேட்கிறது. ஆனால் எங்கேயும் பரீட்சை வாடை இல்லை. போட்டியன்று நடுவராக உட்கார்ந்தார். மாணவர்களில் ஒருவர் தாள் இல்லாமல் மனப்பாடமாக வாசித்தது அவருக்குப் பிடித்துப்போனது. போட்டிக்காக எழுதிய அந்த பீஸ் இன்று உலகம் முழுக்கக் கச்சேரி மேடையில் இருக்கிறது.

1915. முதல் உலகப் போர். உடம்பில் புற்றுநோய். அந்த நிலையில் ஷோபானின் பீஸ்களைப் பதிப்பகத்துக்காகச் சரிபார்த்துக் கொடுத்தார். அந்த வேகத்திலேயே பியானோவுக்குப் பன்னிரண்டு எட்யூட்கள் எழுதி ஷோபான் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். பதினொரு வயதில் முதல் சான்றிதழ் வாங்கித்தந்த அதே ஷோபான். முதல் எட்யூட், நாம் எல்லோரும் வாசித்துச் சலித்த ஐந்து விரல் பயிற்சியில் ஆரம்பிக்கும். சமத்தாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு தப்பான ஸ்வரம் குறுக்கே வந்து குத்தும். திரும்பத் திரும்பக் குத்தும். வகுப்பில் லேட்டாக வந்து உட்கார்ந்த அந்தப் பையனேதான்!

1918 மார்ச் 25-ல் பாரிஸில் இறந்தார். ஜெர்மானியப் பீரங்கிகள் நகரத்தைச் சுட்டுக்கொண்டிருந்த நாள்கள். ஆள் இல்லாத தெருக்கள் வழியே சின்னதாக ஓர் ஊர்வலம் போனது.

அவர் வாசித்தது எப்படி இருக்கும் என்று கேட்க ஆசையா? இறப்பதற்குச் சில வருஷங்கள் முன்னால், துளைகள் போட்ட காகித ரோலில் வாசிப்பைப் பிடித்துவைக்கும் வெல்ட்டே மினியோன் இயந்திரத்துக்காக அவரே வாசித்திருக்கிறார். யூடியூபில் இருக்கிறது. இயந்திரத்தின் விறைப்பு கொஞ்சம் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய பியானோ போட்டிகள் பலவற்றில் எட்யூட் லிஸ்ட்டைப் பார்த்தால் ஷோபான், லிஸ்ட், ராக்மனினோவ் பெயர்களோடு டெபுஸியும் இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். முதல் எட்யூடைப் போட்டுக் கேட்டாள், தப்பு ஸ்வரம் வந்ததும் சிரித்தாள், ஆனால் எடுக்கவில்லை. இப்போதைக்கு முடியாதாம். வீட்டில் இருப்பது கீபோர்டு, போட்டியில் இருக்கப்போவது கிராண்டு பியானோ. கட்டை கனமாக இருக்கும், கை அதற்குப் பழகவில்லை. தெரிந்தவர் வீட்டு பழைய பியானோ ஒன்றில் வாரம் ரெண்டு நாள் வாசிக்கக் கேட்டிருக்கிறாள். கடல் காற்றில் கம்பி துருப்பிடித்து ரெண்டு கட்டை பேசாதாம்.

டீச்சர் சொன்ன பெரிய லிஸ்ட் பீஸை ஃபார்மில் இருந்து அடித்துவிட்டு, மனசுக்குப் பிடித்த ஷோபான் நாக்டர்ன் ஒன்றை எழுதியிருக்கிறாள். டீச்சருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. எட்யூட் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. ஃபார்ம் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.